யுவஸ்ரீ நடக்கும் தரை

வெங்கட்: நிறுத்துங்கண்ணா! கடப்பாறையக் கீழ வைங்க!

ராமப்பன்: அட, வெங்கட்டா? என்னடா இது, கம்பெனி யூனிஃபார்மோட ஓடியாற? ஷிஃப்ட் முடிஞ்சுதா?

வெங்கட்: முடியல. பர்மிஷன் போட்டுட்டு வந்தன். மொதல்ல அதக் கீழ வைங்க.

ராமப்பன்: வெச்சுட்டன்டா சாமி. இன்னும் ஒரு குத்துகூட உழல. உம் பொண்டாட்டிதான் இந்த ரூம் தரைய ஒடைக்கச் சொல்லிக் கூப்ட்டுச்சு.

பொற்கொடி: ஆமா, நான்தான் கூப்ட்டன். நீங்க ஒடைங்கண்ணா.

வெங்கட்: ஒடைக்காதீங்க.

பொற்கொடி: ஒடைங்கண்ணா.

ராமப்பன்: இந்தா... நான் மேஸ்திரியா, பஞ்சாயத்துக்கு வந்தவனா? சிமெண்ட் மூட்டை வாசல்ல எறங்கிடுச்சு. ஆளுங்க எம்-சாண்டு சலிச்சுட்டு நிக்கறானுங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வாங்க.

பொற்கொடி: உங்களுக்கு யாரு சொன்னது?

வெங்கட்: எங்கம்மா போன் பண்ணுச்சு. கட்டில வெளிய தூக்கிப் போட்டுட்டா, மேஸ்திரி வந்து நிக்கறான்னு.

பொற்கொடி: ஓ... தூசி படாம பாப்பாவத் தூக்கிட்டுப் போயி பக்கத்துல வினிதா வீட்ல இருங்கத்தைன்னு அனுப்புனன். அங்க உக்காந்துட்டு உங்களுக்கு போனா?

வெங்கட்: பின்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?

பொற்கொடி: ஒரு வார்த்தையா? நல்லா இருக்குதே! ஆனியில சொன்னன். ஆடி வருது, ஆடியில வீட்டு வேல எதுவும் வேணாம்னீங்க. அப்புறம் மழைன்னீங்க. அப்புறம் கம்பெனியில ஓ.டி., லீவு கெடைக்காதுன்னீங்க. இப்ப பொங்கலும் போயிடுச்சு. இன்னிக்கு என்னங்க சொல்லப் போறீங்க?

வெங்கட்: பாப்பாவுக்கு இப்பத்தான் சளி விட்டிருக்குது. இந்தத் தூசியில...

பொற்கொடி: பாப்பா வினிதா வீட்ல இருக்கறா.

வெங்கட்: ராத்திரிக்கு எங்க படுக்கறது?

பொற்கொடி: வெளி ரூம்ல. அப்புறம்?

ராமப்பன்: அப்புறம் என்னன்னு கேக்குதில்ல, சொல்லுடா.

வெங்கட்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணா!

ராமப்பன்: இருக்கறன்பா. வந்ததுலருந்து அதத்தான செய்யறன்.

பொற்கொடி: அண்ணா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு வயசு தாண்டிடுச்சு கொழந்தைக்கு. அவ வயசுப் புள்ளைங்க எல்லாம் ஓடுதுங்க. இவ வலது பக்கமாச் சாஞ்சு சாஞ்சு, அந்தக் கால் நுனிய ஊனி நடக்கறா. நாலடி வெச்சா உழறா. நேத்து கதவுல மோதி நெத்தி பொடச்சிருக்குது, பாத்தீங்க இல்ல? பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க அத்தன பேரும் கேட்டுட்டாங்க, பாப்பா ஏன் ஒரு மாதிரி நடக்குதுன்னு.

வெங்கட்: தரை சரிவா இருக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான?

பொற்கொடி: அதத்தாங்க சொன்னன். கேட்ட எல்லாருக்கும் அதத்தான் சொல்றன். அதனாலதான் தரைய மாத்தணும்ங்கறன். இதுல என்ன தப்பு?

ராமப்பன்: தரை சரிவுதான்மா, அதுல சந்தேகமே இல்ல. போட்டவன் நான்தான. உம் மாமனாரு கோவிந்தப்பன் இந்த ரூம்லதான் பட்டுப்பூச்சி வளத்தாரு. ஒரு தடவ கூடு எடுத்து முடிஞ்சா, அடுத்த பூச்சி உடறதுக்கு முந்தி ரூம் பூரா பிளீச்சிங் பவுடர் ஊத்திக் கழுவணும். சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது, நின்னா பூச்சிக்கு நோவு வந்துடும். அந்த மூலைக்கு நல்லா வாட்டம் உடுடா ராமப்பான்னாரு. உட்டன். அப்புறம் மல்பெரித் தோட்டமெல்லாம் போயி கம்பெனி வந்துச்சு, ராத்திரி பகலா லாரி ஓடுச்சு, அந்த மூல இன்னும் உள்வாங்கிடுச்சு. பூச்சிக்குப் போட்ட தரையில மனுசன் குடியிருந்தா?

வெங்கட்: இதே வீட்லதான் நானும் வளந்தன். எனக்கு ஒண்ணும் ஆகலியே.

பொற்கொடி: இந்த ரூம்ல எங்க வளந்தீங்க? பூச்சி இருந்த வரைக்கும் யாரையும் உள்ளயே உட மாட்டாங்களாமே. நீங்க வாசல்ல வளந்தவரு.

ராமப்பன்: அது வாஸ்தவம். செருப்போட உள்ள வந்துட்டான்னு உங்கப்பன் உன்ன வெரட்டி வெரட்டி அடிச்சத நான் பாத்திருக்கறன்.

வெங்கட்: இப்ப அது ரொம்ப முக்கியம்.

ராமப்பன்: கோவிச்சுக்காதடா. எனக்கு ஒண்ணுதான் புரியல. நீ கம்பெனியில என்ன வேல பாக்கற? வீடு மாதிரி பெரிய பெரிய மெஷினக் கொண்டாந்து எறக்குனா, அதுக்கு மட்டம் பாத்து நிக்க வெக்கறவன் நீ. உன் வீட்டுத் தரை இந்த லட்சணத்துல கெடக்குது. ஊரே சிரிக்குதுடா.

வெங்கட்: சிரிக்கட்டும்.

பொற்கொடி: மட்டம் வெக்காமலா இருக்கறாரு? தரையத் தவிர எல்லாத்துக்கும் வெச்சிருக்கறாரு. கட்டில் காலுக்குப் பித்தளத் தகடு. பீரோவுக்கு ரப்பர். ஃபிரிட்ஜுக்கு, கிரைண்டருக்கு எல்லாத்துக்கும் அளவெடுத்து வெட்டி வெச்சிருக்கறாரு. நீங்க வேணா ஒரு டம்ளர் தண்ணிய பீரோ மேல வெச்சுப் பாருங்கண்ணா, அசையாது.

வெங்கட்: அதான், எல்லாம் சரியாத்தான நிக்குது.

பொற்கொடி: பீரோ நடக்காதுங்க.

ராமப்பன்: ஹ்ஹா! கேட்டியாடா?

வெங்கட்: சிரிக்காதீங்கண்ணா.

ராமப்பன்: சரி, சிரிக்கல. ஆமா, வேற எடத்துல எப்படி நடக்குது பாப்பா?

வெங்கட்: வெளிய எங்கண்ணா, ரோடு பூரா ஜல்லி...

பொற்கொடி: ஊத்தங்கரையில எங்கம்மா வீட்டு வாசல் மண்ணுண்ணா. ஒரே மேடு பள்ளம்.

வெங்கட்: கோயில்ல கல்லு பாவி வெச்சிருக்கறாங்க, ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது.

பொற்கொடி: ஆமா, அங்கயும் சரியில்ல.

ராமப்பன்: வினிதா வீட்ல? அங்க நான்தான் டைல்ஸ் போட்டன். நல்லா நேரா...

வெங்கட்: டைல்ஸு வழுக்குதுண்ணா.

பொற்கொடி: வழுக்குது.

ராமப்பன்: சரி சரி, நான் ஒண்ணு கேட்டா ரெண்டு பேரும் பாஞ்சுட்டு வர்றீங்க. இதுல மட்டும் நல்ல ஒத்துமை.

பொற்கொடி: அங்கன்வாடியில சௌமியா டீச்சர்கூடச் சொன்னாங்க. ஒரு தடவ ஆஸ்பத்திரியில காட்டிடுங்கன்னு.

வெங்கட்: அவங்களுக்கு என்ன தெரியும்? முட்டை குடுக்கறவங்க முட்டை குடுத்தாப் போதும்!

பொற்கொடி: எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அவங்ககிட்டயும் தரைதான்னு சொல்லிட்டுத்தான் வந்தன்.

வெங்கட்: ...நல்லது.

ராமப்பன்: நேரம் போவுதுப்பா. டியூப்ல தண்ணி புடிச்சு மட்டம் பாத்துட்டன். கதவுலருந்து அந்த மூலைக்கு ரெண்டு வெரக்கடைக்கு எறங்குது.

வெங்கட்: வெறும் ரெண்டு வெரக்கடை. இவ்வளவு பெரிய ரூமுக்கு அது ஒரு சரிவா? அதுக்குப் போயி ஒரு கொழந்த...

பொற்கொடி: ஒரு கொழந்த? சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

வெங்கட்: ஒண்ணுமில்ல.

பொற்கொடி: ஆரம்பிச்சத முடிங்க. ரெண்டு வெரக்கடைக்குக் கொழந்த அப்படி நடக்காதுங்கறீங்களா?

வெங்கட்: நான் அப்படிச் சொல்லல! ரெண்டு வெரக்கடைக்கு எதுக்கு ஒடைக்கணும், மேலாப்புல ஒரு பூச்சு பூசிக்கலாம்னு சொல்ல வந்தன்.

ராமப்பன்: பழைய தரை மேல புதுப் பூச்சு நிக்காதுடா. வெய்யக்காலத்துல அப்பளமாட்டம் எழும்பிக்கும். அப்புறம் ராமப்பன் வேல சரியில்லன்னு என்னத் திட்டுவ. ஒடைச்சுத்தான் ஆவணும்.

பொற்கொடி: கேட்டுக்கிட்டீங்களா?

வெங்கட்: பங்குனியில பாக்கலாம்.

பொற்கொடி: இன்னிக்கு.

வெங்கட்: வீடு முழுக்க ஒரேயடியா டைல்ஸ் போட்டுக்கலாம் பொற்கொடி. நீகூட ஆசைப்பட்டியே, அந்தப் பூப்போட்ட டைல்ஸு...

பொற்கொடி: எனக்குப் பூவும் வேணாம், காயும் வேணாம். எம் புள்ள நேரா நடக்கணும்.

வெங்கட்: இது எங்கப்பா போட்ட தரைடி!

பொற்கொடி: இப்ப அவரு வந்துட்டாரா? போன தீபாவளிக்கு அவரு போட்டோவுக்கு ஒரு மாலை வாங்கிட்டு வர நேரமில்ல உங்களுக்கு. தரைன்னதும் அப்பா ஞாபகம் வருதோ?

வெங்கட்: வாய அடக்கு.

பொற்கொடி: முடியாது. அண்ணா, அந்த மூலையில ஆரம்பிங்க. நான் இருக்கறன்.

வெங்கட்: அண்ணா, கடப்பாறையத் தொட்டீங்க... நல்லா இருக்காது, சொல்லிட்டன். ஒடைக்கக் கூடாதுன்னா கூடாது!

ராமப்பன்: யப்பா... எதுக்குடா இப்படிக் கத்தற? ஊட்டுக்கு வெளிய ஆளுங்க நிக்கறானுங்க. நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வர்றன். அதுக்குள்ள பேசி முடிங்க. வேணும்னா ஒடைக்கறன், வேணாம்னா மூட்டைய ஏத்திட்டுப் போறன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

பொற்கொடி: கதவச் சாத்திட்டுப் போங்கண்ணா.

ராமப்பன்: சாத்தறன்மா. கைய கிய்ய நீட்டிக்காதீங்க.

பொற்கொடி: போயிட்டாரு. கத்தி முடிச்சாச்சா?

வெங்கட்: ஏன்டி இப்படி உயிர எடுக்கற? கொஞ்ச நாள் போவட்டும்னுதான சொல்றன்.

பொற்கொடி: கொஞ்ச நாள்னா எவ்வளவு? ஸ்கூலுக்குப் போற வரைக்குமா? வயசுக்கு வர்ற வரைக்குமா? தரைதான் காரணம்னு சொல்றீங்க. சரி, நேராக்கிடலாம். நேராக்குனா அவ நல்லா நடக்கப் போறா. நல்லா நடந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?

வெங்கட்: நடக்கலன்னா?

பொற்கொடி: என்ன சொன்னீங்க?

வெங்கட்: ஒண்ணும் சொல்லல.

பொற்கொடி: எனக்குக் கேட்டுச்சு.

வெங்கட்: கேட்டுச்சுன்னா எதுக்குத் திரும்பக் கேக்கற?

பொற்கொடி: இருங்க... இது என்ன, சொல்லுங்க.

வெங்கட்: ஷூ. பாப்பாவோட ஷூ. அதுக்கென்ன இப்ப?

பொற்கொடி: எந்தக் கால் ஷூ?

வெங்கட்: ஏதோ ஒரு கால்.

பொற்கொடி: வலது கால். உள்ள வெரல உட்டுப் பாருங்க.

வெங்கட்: பொற்கொடி...

பொற்கொடி: பாருங்கங்கறன். கழுவலாம்னு உள்ள இருந்த அட்டைய எடுத்தன். அதுக்கடியில ஒரு ரப்பர் துண்டு. ஷூ அளவுக்கு அழகா வெட்டி, கொழந்தைக்கு உறுத்தக் கூடாதுன்னு ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு... யாரு வேலைன்னு எனக்குத் தெரியாதா? எடது கால் ஷூவப் பாத்தன். அதுல இல்ல.

வெங்கட்: ஷூ லூசா இருந்துச்சு. அதுக்காக...

பொற்கொடி: ஒரு கால் மட்டும் லூசா? பீரோவுக்கு வெச்சீங்க, கட்டிலுக்கு வெச்சீங்க. கடைசியில பெத்த புள்ள காலுக்கும் தகடு வெச்சுட்டீங்களா?

வெங்கட்: தகடு இல்ல... மெத்துன்னு இருக்கற ரப்பர்தான்.

பொற்கொடி: மெத்துன்னு இருக்கறதா... ஏங்க, தரை சரிவுன்னா ரெண்டு காலுக்கும்தான் சரிவு. இந்தப் பக்கம் பாத்து நடந்தா வலது கால் பள்ளத்துல. அந்தப் பக்கம் திரும்பி நடந்தா எடது கால் பள்ளத்துல. திரும்புனா சாயறதும் மாறணுமில்ல? அவ எந்தப் பக்கம் நடந்தாலும் வலது பக்கம்தான் சாயறா. சோறாக்கற எனக்கே இது தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?

வெங்கட்: எப்பப் பாத்த இத?

பொற்கொடி: தீபாவளி கழிச்சு.

வெங்கட்: தீபாவளியிலருந்தா? அன்னிக்கே எங்கிட்டக் கேட்டிருக்கலாம் இல்ல?

பொற்கொடி: நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தன். எடுத்தது தெரியக் கூடாதுன்னு அதே மாதிரி உள்ள வெச்சு, மேல அட்டைய ஒட்டுனன். தெனமும் நான்தான் அந்த ஷூவ அவளுக்குப் போட்டு உட்டன். ஒவ்வொரு நாளும் இன்னிக்கு வாயத் தொறப்பீங்கன்னு பாத்தன். நீங்க வந்து டிவி பாத்தீங்க. எப்பலருந்து தெரியும் உங்களுக்கு?

வெங்கட்: உடு.

பொற்கொடி: சொல்லுங்க.

வெங்கட்: ஆயுத பூஜை அன்னிக்கு.

பொற்கொடி: கம்பெனியிலயா?

வெங்கட்: ம். எல்லாரும் குடும்பத்தோட வந்திருந்தாங்க. நீ பொரி வாங்க லைன்ல நின்ன. நான் பாப்பாவ எங்க ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போனன். புது மெஷின் எறக்கறதுக்கு ஒரு எடம் காலியா உட்டு வெச்சிருந்தாங்க. அந்தத் தரைய மட்டம் பாத்தது நான்தான். ஒரு தலைமுடி அளவுகூட ஏத்தம் எறக்கம் கெடையாது. அங்க எறக்கி உட்டன். ஷூ இல்லாம, வெறுங்காலோட. அப்பாகிட்ட வா தங்கம்னு கைய நீட்டுனன்...

பொற்கொடி: வந்தாளா?

வெங்கட்: வந்தா. சிரிச்சுட்டே வந்தா. வலது பக்கமாச் சாஞ்சு சாஞ்சு... அப்படியே, இங்க நடக்கற மாதிரியே. நான் அந்தப் பக்கம் போயி நின்னு மறுபடியும் கூப்ட்டன். அப்பவும் வலது பக்கம்தான். அவளுக்கு அது வெளையாட்டு. திரும்பத் திரும்ப வந்தா. அதுக்கு மேல கூப்ட என்னால முடியல பொற்கொடி.

பொற்கொடி: எங்கிட்ட ஏன் சொல்லல?

வெங்கட்: எப்படிச் சொல்றது? உங்க பெரியத்தை கால இழுத்துட்டு நடப்பாங்க இல்ல? நம்ம கல்யாணத்தப்பவே எங்கம்மா அத வெச்சு எத்தன பேச்சு பேசுச்சு. இப்பத் தெரிஞ்சா, உம் பொண்டாட்டி வழியில வந்துச்சுன்னு நாளெல்லாம் உன்னக் குத்திக் காட்டும். தரைன்னு சொன்னா யாரும் யாரையும் பேச மாட்டாங்கன்னு...

பொற்கொடி: எனக்காகத்தான் மறைச்சீங்களா?

வெங்கட்: ...இல்ல. முழுசா அப்படிச் சொல்ல முடியாது. பயந்துட்டன். ஆஸ்பத்திரிக்குப் போயி, எலும்புல கோளாறு, கால அறுக்கணும், ஆபரேஷன்னு எதையாச்சும் சொல்லிட்டான்னா... இத்தனூண்டு காலுடி அது. அதனாலதான் தரைய ஒடைக்க வேணாம்னு குதிச்சன். புதுசாப் போட்டு, அதுலயும் அவ அப்படியே நடந்தா, அப்புறம் எதச் சொல்றது நான்?

பொற்கொடி: அழாதீங்க. ஆளுங்க வெளிய நிக்கறாங்க.

வெங்கட்: அழல.

பொற்கொடி: அன்னிக்கும் இப்படித்தான் சட்டைக் கையால தொடச்சுட்டு வந்தீங்க. கண்ணுல தூசின்னீங்க.

வெங்கட்: என்னிக்கு?

பொற்கொடி: ஆயுத பூஜை அன்னிக்கு. பொரிப் பொட்டலத்த வாங்கிட்டு உங்களத் தேடிட்டு வந்தன். அவ உங்ககிட்ட நடந்து வர்றத நானும் பாத்தங்க. ரெண்டு பக்கம் நடந்ததையும் பாத்தன். நீங்க அவள வாரி அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும் கிட்ட வர எனக்குத் தைரியம் இல்ல. அந்தத் தூணு பின்னாடியே நின்னுட்டன்.

வெங்கட்: அப்பவே தெரியுமா உனக்கு?

பொற்கொடி: தெரியும். ஆனா நான் வாயத் தொறந்தா அது நெசமாயிடுமேன்னு பயம். நீங்க சொல்லட்டும்னு இருந்தன். நீங்க தரை தரைன்னீங்க. நானும் ஆமா தரைன்னன்.

வெங்கட்: அப்புறம் எதுக்குடி மேஸ்திரியக் கூப்ட்ட? எல்லாம் தெரிஞ்சுட்டே எதுக்கு ஒடைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன?

பொற்கொடி: இது கோணலா இருக்கற வரைக்கும் நீங்களும் நானும் இதையே சொல்லிட்டு இருப்போம்ங்க. அவ காலு பாட்டுக்கு முத்திட்டுப் போவும். இத எடுத்துட்டா நமக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல பாருங்க, அதுக்குத்தான்.

ராமப்பன்: என்னப்பா, சத்தத்தையே காணோம்? கதவத் தொறங்க. டீயும் குடிச்சாச்சு, ஆளுங்க பீடியும் குடிச்சாச்சு. அங்க உங்கம்மா பாப்பாவ இடுப்புல வெச்சுட்டு வினிதா வீட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டே இருக்குது, தரைய ஒடைக்கறீங்களா இல்லையான்னு. நான் என்னன்னுடா சொல்ல?

வெங்கட்: நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணா, நானே போயி சொல்லிக்கறன்... தரை எப்படியோ கெடந்துட்டுப் போவட்டும்மா, நம்ம யுவஸ்ரீக்கு வலது கால்ல கொறை இருக்குது, எங்க ரெண்டு பேருக்கும் ஆயுத பூஜையிலருந்தே தெரியும்னு.